மூன்று மாத வெள்ளைப் புள்ளிகள்

என் வீட்டுக்காரரின் மூளையில் மூன்று மாத காலம் சில வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அவை போய்விடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் காறித் துப்புவார்கள். துப்பட்டும். எனக்கும் வயதாகிவிட்டது, துப்பினால் துடைத்துக்கொண்டு போகத் தெரியும்.

எங்கள் ஊர் புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்குள் தமிழ், பஸ் ஏறினால் தெலுங்கு. என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணமான ஆறாவது மாதம் விமானம் ஏறினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், இரண்டு மாதம் இருப்பார். இருப்பார் என்று சொல்வதே தப்பு. விருந்தாளி மாதிரி வந்து போவார். சென்ட் பாட்டில் கேட்டு சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பாதியில் நிற்கிற வீட்டு வேலையைப் பார்க்க மேஸ்திரியோடு சுற்றுவார். நான் ஒரு முழு வார்த்தை பேச வாய் திறப்பதற்குள் பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். ஒரு தடவை அவர் வந்து இறங்கியபோது எங்கள் மகள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, "அந்த அங்கிள் எப்பம்மா போவாரு?" என்று கேட்டாள். அவர் காதில் விழுந்தது. சிரித்துவிட்டு, கொண்டு வந்த பொம்மையை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். ரொம்ப நேரம் குளித்தார்.

மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது வந்த லீவில்தான் அது நடந்தது. வந்து மூன்றாவது வாரம். திரும்பிப் போகிற டிக்கெட்டை உறுதி செய்ய மோட்டார் சைக்கிளில் திருப்பதிக்குக் கிளம்பினார். வண்டி தெருமுனை தாண்டும்போது பார்த்தேன், பாஸ்போர்ட் அலமாரி மேலேயே கிடக்கிறது. அது இல்லாமல் போய் என்ன செய்வார்? எடுத்துக்கொண்டு ஓடி, பின்னாலிருந்து "மாமா, மாமா" என்று கத்தினேன். திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்.

வாசலில் நின்றிருந்த அத்தைக்கு, அதாவது அவருடைய அம்மாவுக்கு, முகம் சுருங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில், கிளம்பிப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் அவர் வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புதிதாகக் கிளம்ப வேண்டும். அத்தை அதைத்தான் சொன்னார். "குந்திட்டுப் போடா, தண்ணி குட்சிட்டுப் போ." நேரமாகிறது என்று அவர் சிரித்துக்கொண்டே வண்டியை உதைத்தார்.

வடமாலப்பேட்டை தாண்டி, டிராக்டரிலிருந்து சிந்திய மணல் ரோட்டில் கிடந்திருக்கிறது. வண்டி சறுக்கி விழுந்தார். தலையில் ஹெல்மெட் இல்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யார் போட்டார்கள்? கொஞ்ச நேரம் நினைவில்லாமல் கிடந்தவரை ஒரு மாங்காய் லாரிக்காரர் தூக்கிப்போட்டுக்கொண்டு திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். சட்டைப்பையில் பாஸ்போர்ட் கசங்காமல் இருந்தது.

அன்றைக்கு எடுத்த சாதாரண ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று, காதுக்கு மேலே தையல் போட்டு இரண்டு நாளில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபிறகுதான் வேடிக்கை தொடங்கியது. வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார். டிவி சத்தம் ஆகவில்லை. சொம்பைக் காட்டி "அத எடு, அது... அது" என்கிறார், பேர் வரவில்லை. காலையில் தின்ற இட்டிலியை மத்தியானம் மறந்துவிட்டு, இன்னும் டிபன் தரவில்லையே என்று என்னைப் பார்க்கிறார். மறுபடி திருப்பதிக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்.

ஸ்கேன் சென்டரில், உடம்பில் இரும்பு, வெள்ளி எதுவும் இருக்கக் கூடாது என்றார்கள். வாட்ச், மோதிரம் எல்லாம் கழற்றினார். இடுப்பில் வெள்ளி அரைஞாண் இருந்தது. அதைக் கழற்ற மாட்டேன் என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தார். நான் கழற்றினேன். அவருடைய சாமான்களை மடியில் கட்டிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவுக்குள்ளே போர்வெல் போடுகிற மாதிரி சத்தம். ஒரு ஆளின் தலைக்குள் இத்தனை ஆழம் தோண்ட என்ன இருக்கிறது? வெளியே வந்ததும், "உள்ள படுத்துகினு இருந்தப்போ நீ கூப்புட்ட மாரி இருந்திச்சி" என்றார். நான் கூப்பிடவில்லை என்றேன். "அப்படியா" என்று தலையாட்டினார்.

டாக்டர் வயதானவர், தெலுங்கில் நிதானமாகப் பேசுவார். ஃபிலிமை விளக்குப் பலகையில் மாட்டி, பேனா முனையால் காட்டினார். சாம்பல் நிறத்துக்குள் இங்கே இரண்டு, அங்கே மூன்று, அரிசி நொய் சிந்தினது போல வெள்ளையாக. மூளைக்குள் ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் ஒயர் மாதிரி ஓடுகிற நரம்புகள் உண்டாம். தலை வேகமாக உலுக்கப்பட்டபோது அந்த ஒயர்கள் இழுபட்டு வீங்கியிருக்கின்றன, அந்த வீக்கம்தான் ஃபிலிமில் வெள்ளையாகத் தெரிகிறது என்றார். ஏசி மெக்கானிக்குக்கு இது நன்றாகப் புரிந்தது. "ஒயரு அறுந்துபோச்சா சார்?" என்று கேட்டார். அறுந்திருந்தால் இப்படி உட்கார்ந்து கேள்வி கேட்க மாட்டாய் என்று டாக்டர் சிரித்தார். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், சிலருக்குத் தங்கிவிடவும் செய்யும், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்றார். அதுவரை உயரத்தில் ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, வேலைக்குப் போகவே கூடாது.

நான்தான் கேட்டேன், மூன்று மாதத்திலும் போகவில்லை என்றால் என்ன செய்வது என்று. இன்னும் மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும், வேறென்ன என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். எனக்குத் தூக்கம் வரவில்லை. குவைத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஊருக்கு வந்தவர் ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால், அங்கே தங்குகிற அனுமதி ரத்தாகிவிடும். வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மூன்று மாதத்தில் புள்ளிகள் மறைந்தால் போய்விடுவார். மறையாவிட்டால் இன்னும் மூன்று மாதம் இருக்க வேண்டும், அதற்குள் குவைத்தின் கதவு சாத்திக்கொள்ளும். சாத்திக்கொண்டால் இவர் எனக்குத்தான். இந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்மேல் பயமாகிவிட்டது. புருஷன் தலையில் அடிபட்டுக் கிடக்கும்போது எந்தப் பொண்டாட்டிக்காவது இப்படித் தோன்றுமா? ரேணிகுண்டா வருவதற்குள் அந்த நினைப்பை நாலு தடவை விரட்டினேன். அது இறங்கவில்லை, என்னோடே வீடு வரைக்கும் வந்தது.

அந்த மூன்று மாதத்தைப் போல ஒரு காலம் எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. வெளியே போக முடியாதவர், வெளிச்சம் ஆகாதவர், நாள் முழுக்க வீட்டில். சமையற்கட்டு இருட்டாக இருக்கும் என்பதால் அங்கேதான் பலகை போட்டு உட்காருவார். நான் சமைக்க, அவர் வெங்காயம் உரிப்பார், மொச்சை உரிப்பார். உரித்துக்கொண்டே பேசுவார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தபோது செருப்பு அறுந்து போனதை, அதை ஒரு முள்வேலியில் வீசிவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்ததை, குவைத்தில் முதல் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை யாருமில்லாத அறையில் என் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததை எல்லாம் அங்கேதான் சொன்னார். எட்டு வருஷக் கல்யாணத்தில் என் புருஷன் யார் என்று எனக்குத் தெரிந்தது அந்த அடுப்படியில்தான்.

மகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தாள். அவளுக்கு இவர் தலை பின்னிவிட்டார். கோணல்மாணலாக இருக்கும், அவள் அப்படியே ஸ்கூலுக்குப் போவாள், நான் பிரித்துப் பின்னப் போனால் கையைத் தட்டிவிடுவாள். இவருக்கு மறந்துபோகிற பேர்களைச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வேலையையும் எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்தவள் வாசலிலேயே, முதல் தடவையாக அப்பாவை "நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

எல்லா நாளும் தேனும் பாலுமாக ஓடவில்லை. எனக்கு வாய் அதிகம். ஒரு நாள் குழம்புக்கு உப்பு போட்டாயா என்று மூன்று தடவை கேட்டார். போட்டேன், போட்டேன், போட்டேன் என்று கரண்டியை வீசிவிட்டு, "உனக்கு மூளையே கெடையாதா மாமா?" என்று கத்திவிட்டேன். சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக, "கீதே. போட்டோ நீயுந்தான பாத்த?" என்றார். அன்றைக்கு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்புக்கு அத்தையே எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் சத்தியவேடு பக்கத்தில் ஸ்ரீ சிட்டி என்று ஒரு பெரிய தொழிற்பேட்டை வரப்போவதாகப் பேச்சு. நிலம் எடுத்துவிட்டார்கள், வெளிநாட்டுக் கம்பெனிகள் வருகின்றன, ஏசி வேலை தெரிந்த ஆட்களுக்கு நல்ல கிராக்கி இருக்கும் என்று அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வந்த என் தம்பி சொன்னான். இவர் உன்னிப்பாகக் கேட்டார். நம்ம ஊரிலிருந்து பஸ் விடுவார்களா என்று கேட்டார். வேலைக்கு எடுக்க வயது வரம்பு உண்டா என்று கேட்டார். தம்பி போனபிறகு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். நான் மொச்சையைக் கழுவிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். இங்கேயே இருந்துவிடு மாமா என்று நாக்கு நுனி வரை வந்தது.

சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்றால், நான் ஒரு தடவை கூப்பிட்டு ஆகிவிட்டது. அவர் விழுந்த நாளிலிருந்து அத்தை யார் வந்தாலும் அதைத்தான் சொன்னார். "இவ பின்னால கூப்ட்டா, அவன் தண்ணி கூட குடிக்காம போய்ட்டான்." நான் விடுவேனா? ரோட்டில் மணல் கிடந்ததற்கு நான் என்ன செய்வேன், மணலை நானா கொட்டினேன் என்று வாய்க்கு வாய் சண்டை போட்டேன். ஆனால் மனதுக்குள் அத்தை சொல்வதை நம்பினேன். போகிற ஆளை இரு என்று சொல்வதும் பின்னாலிருந்து கூப்பிடுவதும் எனக்கு ஒன்றாகவே பட்டன. மறுபடி என் வாயால் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? புள்ளிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் கூப்பிடாமலே அவை அவரை நிறுத்தி வைத்தால் பாவம் என்மேல் வராது என்று ஒரு கணக்கு.

மூன்று மாதம் முடிந்து, மகளையும் கூட்டிக்கொண்டு புத்தூரில் ரயில் ஏறித் திருப்பதிக்குப் போனோம். அதே பெஞ்சு, அதே சத்தம். இந்தத் தடவை அரைஞாணை அவரே கழற்றிக் கொடுத்தார். டாக்டர் பழைய ஃபிலிமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பழையதில் நொய் சிந்தியிருந்த இடமெல்லாம் புதியதில் துடைத்து வைத்த மாதிரி இருந்தது.

எல்லாம் போய்விட்டது என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். இவர் எழுந்து பலகைக்குக் கிட்டே போனார். பழைய ஃபிலிமில் ஒரு புள்ளிமேல் விரலை வைத்து, புதியதில் அதே இடத்தைத் தேடினார். பிறகு திரும்பி, "ஒக்கட்டி கூட லேதா சார்?" என்று கேட்டார். ஒன்று கூட இல்லையா என்று. ஒன்று கூட இல்லை, அதற்கு ஏன் இப்படி முகத்தை வைத்துக்கொள்கிறாய் என்று டாக்டர் அவர் முதுகில் தட்டினார். இனி வேலைக்குப் போகலாம் என்று எழுதியும் கொடுத்தார். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று டாக்டர் நினைத்தார். நினைத்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வியை நானும் தப்பாகத்தான் நினைத்தேன், கம்பெனிக்குச் சொல்ல உறுதிப்படுத்திக்கொள்கிறார் என்று.

அத்தை வேண்டிக்கொண்டபடி அடுத்த வாரம் மலைக்குப் போய் மொட்டை போட்டார். மயிர் போனதும் காதுக்கு மேலே தையல் தழும்பு தெரிந்தது. சந்நிதியில் நான் கண்ணை மூடவில்லை. மூடினால் கேட்கக் கூடாததைக் கேட்டுவிடுவேன் என்று பயந்து, திறந்த கண்ணோடு நின்றேன். தள்ளிவிட்டார்கள், வெளியே வந்துவிட்டேன்.

கிளம்புகிற நாள். கார் எங்கள் சந்துக்குள் வராது, மெயின் ரோட்டில் நின்றது. ஏர்போர்ட்டுக்கு யாரும் வரவேண்டாம் என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு மாந்தோப்பை ஒட்டி நேராக ஒரு பாதை, கடைசி வரை ஆள் தெரியும். நானும் மகளும் அத்தையும் வாசலில் நின்றோம். அவர் மெதுவாக நடந்தார். குழாயடியில் நின்று பெட்டியைக் கை மாற்றிக்கொண்டார். தோப்பு முடிகிற இடத்தில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து ஷூவைக் கட்டினார். கட்டி முடிய ரொம்ப நேரம் ஆனது. மகள் "நைனா" என்று வாயைத் திறந்தாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். அவர் எழுந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் ஏறினார்.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம். மறுபடி அதே விருந்தாளிதான். வருவார், மேஸ்திரியோடு சுற்றுவார், போவார். ஸ்ரீ சிட்டிக்குப் போகிற கம்பெனி பஸ்கள் எங்கள் மெயின் ரோட்டில் வர ஆரம்பித்தன. விடியற்காலையில் பால் ஊற்றப் போகும்போது, ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள் இல்லையா என்று அவர்கள் பொண்டாட்டிமார்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், சில நாள் அந்த முதல் ஃபிலிமைக் கட்டிலடியிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். கல்யாண ஆல்பம் எடுக்கத் தோன்றாது. எனக்கு அவர் இருந்ததற்குச் சாட்சி அந்த ஃபிலிம்தான்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டார், மூட்டுவலியோடும் சர்க்கரையோடும். அத்தை அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு முன் அறையில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மொச்சையை முறத்தில் போட்டு முன்னால் வைத்தேன். உரித்தார், ஆனால் பேசவில்லை. ஆள் வந்துவிட்டார். அந்த மூன்று மாதத்து ஆளை நான் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

போன மாதம் எங்கள் மகள் அயர்லாந்துக்குப் புறப்பட்டாள். நர்சிங் படித்தவள், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. சந்தில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்ததால் அவளுடைய காரும் மெயின் ரோட்டில்தான் நின்றது. நீங்கள் ஏர்போர்ட்டுக்கு வந்தால் நான் அழுதுவிடுவேன் என்று எங்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அப்பனுக்குத் தப்பாத பெண். பெட்டியை உருட்டிக்கொண்டு மாந்தோப்பை ஒட்டி நடந்தாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன்.

அவர் பக்கத்தில் நின்றிருந்தார். மகளிடமிருந்து கண்ணை எடுக்காமல், "கூப்டு" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று அவரைப் பார்த்தேன். கிளம்பிய பெண்ணைப் பின்னாலிருந்து எப்படிக் கூப்பிடுவது என்றேன்.

"அன்னிக்கு நானும் இந்த வழியாத்தான போனேன்," என்றார். "காத பின்னாலயே வெச்சிக்கினு போனேன். நீ கூப்டுவ, வந்து குந்திக்கினு தண்ணி குடிக்கலாம், அப்படியே நின்னுடலாம்னு. ஷூவக் கட்டிக்கினு இருந்தனே, அந்த ஷூவுல லேஸே கெடையாது."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். மகள் குழாயடி தாண்டி, தோப்பு முடிகிற இடத்துக்கு வந்துவிட்டாள். நான் கூப்பிட்டேன். என் தொண்டையில் இருந்த அத்தனையையும் போட்டு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

நின்று திரும்பிப் பார்த்தாள். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக நடந்து வந்தாள். என்னம்மா, எதையாவது மறந்துவிட்டேனா என்று கேட்டாள். அவர் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தார்.

"ஒண்ணும் இல்ல," என்றார். "கொஞ்ச நேரம் குந்திட்டுப் போம்மா."